ஜிம்மில் உயிர் காக்கும் இரண்டு கம்பிகள்... பவர் ரேக்கைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா?

ஓரளவு வசதியான எந்த ஜிம்முக்குப் போனாலும், ஒரு மூலையில் நான்கு இரும்புத் தூண்களோடு ஒரு கூண்டு நிற்கும். தூண்கள் முழுக்க வரிசையாகத் துளைகள். யாராவது அதில் துண்டைக் காயப்போட்டிருப்பார்கள். இன்னொருவர் உள்ளே நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி பைசெப்ஸ் அடித்துக்கொண்டிருப்பார். அந்தக் கூண்டின் பெயர் பவர் ரேக்.

அது துண்டு காயப்போடும் கொடி அல்ல. ராடில் எடை போட்டுத் தூக்கும்போது, நடுவில் கை கால் தளர்ந்தால் அந்த எடை நம்மேல் விழாமல் தாங்கிக்கொள்ளத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தாங்கும் வேலையைச் செய்பவை, கூண்டுக்குள் இடமும் வலமுமாக முன்னிருந்து பின்னாகப் போகும் இரண்டு கம்பிகள். சேஃப்டி பார் என்பார்கள். அந்தக் கம்பிகளை யார் உயரம் பார்த்து மாற்றிவைக்கிறார்கள்? காலையில் ஒருவர் எந்தத் துளையில் செருகிவிட்டுப் போனாரோ, பல ஜிம்களில் இரவு வரை அவை அங்கேயே இருக்கும்.

அந்த இரண்டு கம்பிகளை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி வைக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் ஏன் அவசியம், எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

பின்னால் ஆள் இருந்தும்...

2023 ஜூலையில், இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஜஸ்டின் விக்கி என்ற 33 வயது உடற்பயிற்சியாளர், 210 கிலோ எடையைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்ய முயன்றார். கீழே உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. எடை அப்படியே பின்கழுத்தில் இறங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை.

2025 பிப்ரவரியில், ராஜஸ்தான் மாநிலம் பிகானேரில் 17 வயது பவர்லிஃப்டிங் வீராங்கனை ஒருவர், பயிற்சியின்போது 270 கிலோ எடை கழுத்தில் விழுந்து இறந்துபோனார். போட்டிகளில் பதக்கம் வென்ற பெண் அவர்.

இரண்டு சம்பவங்களிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இருவருமே அனுபவசாலிகள். இருவருக்குப் பின்னாலும் துணைக்கு ஆள் நின்றிருந்தார். ஆனாலும் என்ன செய்ய முடியும்? 200 கிலோவுக்கு மேல் சரியத் தொடங்கினால், பின்னால் நிற்கும் ஒரு மனிதர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அவரால் பிடித்து நிறுத்த முடியாது. அவரும் சேர்ந்துதான் சரிவார்.

'நான் என்ன 200 கிலோவா தூக்கப்போகிறேன்? என்னுடையது 50, 60 கிலோதானே' என்று நினைக்கலாம். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அந்த 50 கிலோவே அதிகம். பெஞ்சில் படுத்திருக்கும்போது தொண்டைமேல் 40 கிலோ ராடு இறங்கினால், கத்திக் கூப்பிடக்கூட மூச்சு வராது.

விட்டுவிடக்கூடிய எடை... விட முடியாத எடை!

நம் ஊருக்கு எடை தூக்குவது புதிதல்ல. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல்தோறும் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. உருண்டையான, பிடி கிடைக்காத அந்தக் கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளைத் தாண்டிப் பின்னால் போடுகிறார்கள். பெண்களும் கலந்துகொள்கிறார்கள். தூக்க முடியாவிட்டால்? கல்லைக் கீழே போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம்.

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றாரே, அந்தப் பளுதூக்கும் போட்டியிலும் இதே கதைதான். ஸ்நாட்ச் ஆனாலும் கிளீன் அண்டு ஜெர்க் ஆனாலும், முடியவில்லை என்றால் வீரர் ராடை முன்னாலோ பின்னாலோ விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். மேடையில் அதற்கென்று இடம் இருக்கிறது. பிளேட்டுகளும் கீழே விழுந்தால் தாங்கும் ரப்பர் பிளேட்டுகள்.

ஆனால், நாம் ஜிம்மில் அன்றாடம் செய்யும் ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் அப்படியல்ல. ஸ்குவாட்டில் ராடு முதுகின்மேல் இருக்கிறது. பெஞ்சில் நெஞ்சுக்கு நேர் மேலே இருக்கிறது. இரண்டிலும் நாம் எடைக்கு அடியில் இருக்கிறோம். கையை விட்டால் எடை வந்து விழும் இடம் நம் உடம்பு. அதனால்தான் இந்த இரண்டு பயிற்சிகளுக்கும் ரேக் தேவைப்படுகிறது.

கூண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

பவர் ரேக்கில் நாம் கையாள வேண்டியவை இரண்டே உறுப்புகள்.

முதலாவது, ராடை மாட்டிவைக்கும் கொக்கிகள். ஜே எழுத்துபோல வளைந்திருப்பதால் ஜே ஹூக் என்பார்கள். இரண்டாவது, ராடு தவறினால் தாங்கும் சேஃப்டி பார்கள். சில ரேக்குகளில் இவை உருண்டைக் குழாய்களாக இருக்கும். சிலவற்றில் தட்டையான இரும்புக் கரங்களாக இருக்கும். இரும்புக்குப் பதில் தடித்த நைலான் பட்டைகள் வைத்த ரேக்குகளும் உண்டு. வேலை ஒன்றுதான்.

தூண்களில் உள்ள துளைகளுக்குப் பெரும்பாலும் எண் போட்டிருப்பார்கள். பல ரேக்குகளில் துளைக்குத் துளை இரண்டு அங்குலம், அதாவது சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். எண் இல்லாத ரேக் என்றால், கீழிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்குவாட்டுக்குக் கொக்கி எந்தத் துளை, கம்பி எந்தத் துளை. பெஞ்சுக்குக் கொக்கி எந்தத் துளை, கம்பி எந்தத் துளை... இந்த நான்கு எண்களையும் ஒருமுறை கண்டுபிடித்து மொபைலில் குறித்துவைத்துவிட்டால், அடுத்த முறையிலிருந்து இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஸ்மித் மெஷினோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்மித் மெஷினில் ராடு தண்டவாளத்தில் ஓடுவதுபோல மேலும் கீழும் மட்டும் போகும். பவர் ரேக்கில் ராடு தனியாக இருக்கும்; அதை நேராகக் கொண்டுபோவது நம் பொறுப்பு. இரண்டு தூண்கள் மட்டும் உள்ள ஸ்குவாட் ஸ்டாண்டுகளில் பெரும்பாலும் சேஃப்டி பாரே இருக்காது. ராடை மாட்டிவைக்க மட்டுமே அது உதவும்.

எடை போடும் முன்...

* ரேக்கைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பாருங்கள். தரையோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். அல்லது பின்பக்கத்தில் பிளேட்டுகளை மாட்டி அடிப்பாகத்தைக் கனமாக்கியிருக்க வேண்டும். ஆடுகிற ரேக்கில் எடை போடாதீர்கள். ஜிம் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

* இரண்டு கொக்கிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். ஒரு பக்கம் பத்தாவது துளை, மறுபக்கம் பதினொன்றாவது துளை என்று இருந்தால், ராடை எடுக்கும்போதே உடம்பு ஒருபக்கமாகச் சாயும். சேஃப்டி பார்களையும் இதேபோலப் பாருங்கள்.

* கம்பியின் முனை எதிர்த் தூணின் துளைக்குள் முழுதாக நுழைந்திருக்கிறதா? பூட்டும் கொண்டி இருந்தால் அது விழுந்திருக்கிறதா? கையால் தட்டிப் பாருங்கள்.

* ராடின் எடை என்ன என்று கேளுங்கள். போட்டிகளில் பயன்படும் ஆண்களுக்கான ராடு 20 கிலோ, பெண்களுக்கான ராடு 15 கிலோ. 20 கிலோ ராடில் பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட் போட்டால் மொத்தம் 60 கிலோ. ராடைக் கணக்கில் சேர்க்காமல், 'நாற்பதுதான் போட்டேன்' என்பவர்கள் நிறைய. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்த ராடுகள் 20 கிலோவுக்குக் குறைவாகவும் இருக்கலாம்.

* பிளேட் நகராமல் இருக்க இரு முனைகளிலும் லாக் போடுங்கள். ரேக்குக்குள் தூக்கும்போது லாக் கட்டாயம். ஒரு பக்கம் பிளேட் நழுவினால், மறுபக்கத்தின் கனம் ராடைச் சுழற்றி எறிந்துவிடும்.

ஸ்குவாட்: கொக்கி நெஞ்சு உயரம், கம்பி ஒரு துளை கீழே

நிமிர்ந்து நின்றால், கொக்கியில் இருக்கும் ராடு உங்கள் நெஞ்சின் நடுப்பகுதிக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் புகுந்து, முழங்காலைச் சற்று மடக்கி, ராடை மேல்முதுகில் வைத்து நிமிர்ந்தால் கொக்கியிலிருந்து விடுபட வேண்டும். நுனிக்காலில் எக்கித்தான் எடுக்க முடிகிறது என்றால் கொக்கி உயரம் அதிகம். எடுக்கும்போது சமாளித்துவிடலாம். களைத்துப்போய்த் திரும்ப மாட்டும்போது எக்க முடியாது. அப்போதுதான் ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கம் தவறும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருந்தால் ஒரு துளை தாழ்வாகவே வையுங்கள்.

அடுத்து சேஃப்டி பார். எடை எதுவும் போடாமல் வெறும் ராடோடு ஸ்குவாட் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் ஆழம் வரை போய் அங்கேயே நில்லுங்கள். அந்த நிலையில் ராடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு ஒரு துளை கீழே கம்பி இருக்க வேண்டும். கம்பி அதிக உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் ராடு அதில் இடித்து உங்களைத் தடுமாறவைக்கும். அதிகத் தாழ்வாக இருந்தால், எழ முடியாதபோது நீங்கள் தரையோடு மடங்கிய பிறகுதான் அது தாங்கும். அதற்குள் முதுகு வளைந்துவிடும்.

ராடை எடுத்ததும் பின்னால் நடப்பது இரண்டு, மூன்று சிறிய அடிகள் போதும். கூண்டுக்கு வெளியே போய்விட்டால் கம்பி உங்களுக்கு உதவாது. எப்போதும் கொக்கிகளைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். முடித்ததும் முன்னோக்கி நடந்து, ராடு இரண்டு தூண்களிலும் 'டக்' என்று இடித்த பிறகு முழங்காலை மடக்கி இறக்குங்கள். கொக்கியைத் திரும்பிப் பார்த்துக் கழுத்தைத் திருப்ப வேண்டாம். தூணில் இடித்தால், கொக்கி அதற்கு நேர் கீழேதான் இருக்கும்.

எழ முடியாமல்போனால் என்ன செய்வது?

நிறையப் பேருக்குத் தூக்கத் தெரியும். தூக்க முடியாதபோது என்ன செய்வது என்று தெரியாது. அதையும் தனியாகப் பழக வேண்டும்.

பாதி வழியில் சிக்கிக்கொண்டால் நம் இயல்பு என்ன? முன்னால் குனிந்து, இடுப்பை உயர்த்தி, எப்படியாவது எழப் பார்ப்பது. அப்போதுதான் ராடு கழுத்தை நோக்கி உருள்கிறது. அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி வைத்தபடியே மெதுவாகக் கீழே உட்காருங்கள். ராடு இரண்டு கம்பிகள்மேலும் உட்கார்ந்துவிடும். முதுகிலிருந்து கனம் இறங்கியதும் தலையைக் குனிந்து முன்பக்கமாக வெளியே வந்துவிடுங்கள். அவ்வளவுதான். பிளேட்டுகளைக் கழற்றிவிட்டு ராடைத் திரும்பக் கொக்கியில் மாட்டலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ராடு கம்பியில் இறங்கும் இடத்தில் உங்கள் விரல்கள் இருக்கக் கூடாது. ராடை அகலமாகப் பிடிப்பவர்களுக்கு, ராடுக்கும் கம்பிக்கும் நடுவே விரல் மாட்டும் வாய்ப்பு உண்டு. வெறும் ராடோடு உட்கார்ந்து பார்க்கும்போதே, கை கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இதை வெறும் ராடோடு ஐந்தாறு முறை செய்து பாருங்கள். பிறகு கொஞ்சம் எடை போட்டுச் செய்து பாருங்கள். கம்பி தாங்கும் என்பதை உடம்பு ஒருமுறை உணர்ந்துவிட்டால், நிஜமாகவே சிக்கும் நாளில் பதற்றம் வராது. ஜிம்மில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். சத்தத்தோடு கம்பியில் இறங்கிய ராடை எல்லோரும் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

பெஞ்ச் பிரஸ்: நெஞ்சுக்குக் கீழே, கழுத்துக்கு மேலே

ஜிம்மில் தனியாகச் செய்யக் கூடாத பயிற்சி என்று ஒன்றைச் சொன்னால், சேஃப்டி பார் இல்லாத பெஞ்ச் பிரஸ்ஸைத்தான் சொல்ல வேண்டும். ஸ்குவாட்டில் எடை சரிந்தால் நகர ஒரு வழியாவது இருக்கும். பெஞ்சில் முதுகு பலகையோடு ஒட்டியிருக்கிறது, மேலே ராடு. நகர இடமே கிடையாது.

ஆனால், பெரும்பாலான ஜிம்களில் பெஞ்ச் பிரஸ்ஸுக்கென்று தனி பெஞ்ச் போட்டிருப்பார்கள். அதில் ராடை மாட்டக் கொக்கி இருக்கும். தாங்கும் கம்பி இருக்காது. துணைக்கு ஆள் இல்லாத நாளில் என்ன செய்யலாம்? சாதாரண தட்டை பெஞ்ச் ஒன்றை இழுத்துவந்து பவர் ரேக்குக்குள் போடுங்கள். ஜிம்மில் யாரும் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கம்பியின் உயரத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். பெஞ்சில் படுத்து, தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து, நெஞ்சை உயர்த்தி, மூச்சை நிறைய இழுங்கள். அந்த நிலையில் வெறும் ராடை நெஞ்சுவரை இறக்கினால், அது நெஞ்சைத் தொட வேண்டும். கம்பியைத் தொடக் கூடாது. பிறகு மூச்சை விட்டு, நெஞ்சைத் தளர்த்தி, முதுகைத் தட்டையாக்குங்கள். இப்போது ராடு கம்பிமேல் உட்கார்ந்து, நெஞ்சுக்கும் ராடுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். கடைசியாக, ராடைக் கம்பிமேலேயே உருட்டிக் கழுத்துக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தொண்டையைத் தொடாமல் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் உயரம் கிடைத்துவிட்டது.

சிலருக்கு ஒரு துளையில் வைத்தால் உயரம் அதிகம், கீழ்த் துளையில் வைத்தால் தாழ்வு என்று இருக்கும். அப்போது தாழ்வான துளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கம்பியை உயரமான துளையில் வைத்துவிட்டு, பெஞ்சின் கால்களுக்கு அடியில் வழுக்காத, கெட்டியான ரப்பர் பாயைப் போட்டு பெஞ்சைச் சற்று உயர்த்துங்கள். பெஞ்ச் ஆடாமல் நிற்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படுங்கள்.

கொக்கியின் உயரமும் முக்கியம். முழங்கையைச் சற்று மடக்கியபடி கைக்கு ராடு எட்ட வேண்டும். கையை முழுக்க நீட்டித்தான் எடுக்க முடிகிறது என்றால் கொக்கி உயரம் அதிகம். தோள்பட்டை பெஞ்சைவிட்டு எழும்பிவிடும்.

இன்னொன்று, கட்டைவிரல். ராடைச் சுற்றிக் கட்டைவிரலைப் போடாமல், மற்ற நான்கு விரல்களின் பக்கமே அதையும் வைத்துச் சிலர் பிடிப்பார்கள். மணிக்கட்டுக்கு வசதியாக இருக்கிறது என்பார்கள். உள்ளங்கையில் வியர்வை வழிந்தால் ராடு உருண்டு நேராக நெஞ்சில் விழும். உலகம் முழுக்க ஜிம்களில் இதற்குத் 'தற்கொலைப் பிடி' என்றே பெயர். கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்கட்டும்.

ரேக்கே இல்லாத ஜிம்மா?

சிறிய ஊர்களின் ஜிம்களில் பவர் ரேக் இல்லாமல் இருக்கலாம். அங்கே மூன்று விஷயங்களைக் கடைப்பிடியுங்கள்.

ஒன்று, துணைக்கு ஆள் இல்லாமல் கனமான எடையில் பெஞ்ச் பிரஸ் செய்ய வேண்டாம். டம்பெல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். டம்பெல்லைப் பக்கவாட்டில் இறக்கிவிடலாம். நெஞ்சுக்குக் குறுக்கே எதுவும் சிக்காது.

இரண்டு, வேறு வழியே இல்லாமல் தனியாக ராடோடு பெஞ்ச் செய்தால், அங்கே மட்டும் லாக் போடாதீர்கள். சிக்கிக்கொண்டால் ஒரு பக்கமாகச் சாய்த்தால் பிளேட்டுகள் நழுவி விழும். பிறகு மறுபக்கமும் விழும். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேக்குக்குள் லாக் கட்டாயம், கம்பி இல்லாத பெஞ்சில் தனியாக இருந்தால் லாக் வேண்டாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று, இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற தெம்பு இருக்கும்போதே செட்டை முடித்துவிடுங்கள். உடம்பு வளர ஒவ்வொரு செட்டிலும் கை நடுங்கும் வரை போக வேண்டும் என்று அவசியமில்லை.

தலைக்கு மேல் தூக்குவதும், டெட்லிஃப்ட்டும்

நின்றுகொண்டு தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸையும் ரேக்கிலிருந்து எடுத்தே செய்யலாம். கொக்கி நெஞ்சின் மேல்பகுதி உயரத்தில் இருக்கட்டும். ஸ்குவாட்டைப்போலவே இரண்டடி பின்வாங்குங்கள். ரேக்கின் மேல் குறுக்குக் கம்பியில் ராடு இடிக்குமா என்று முதலில் வெறும் ராடைத் தூக்கிப் பாருங்கள். வீட்டில் செய்பவர்கள் மின்விசிறியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாவிட்டால் ராடைத் தோளுக்குத் திரும்ப இறக்கினால் போதும்.

டெட்லிஃப்ட்டில் எடை தரையிலிருந்து மேலே வருகிறது. முடியாவிட்டால் கீழே வைத்துவிடலாம். எனவே அதற்கு ரேக் தேவையில்லை. வெளியே வெறும் தரையில் செய்வதே நல்லது. ரேக்குக்குள் செய்தால் மற்றவர்களுக்கு இடம் போகும். பிளேட்டுகளும் தூண்களில் உரசும். ஆனால், தரையிலிருந்து குனிந்து எடுக்கும்போது முதுகை நேராக வைக்க முடியாதவர்கள், சேஃப்டி பாரை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வைத்து, அதன்மேலிருந்து ராடைத் தூக்கிப் பழகலாம். தூக்கிய எடையைக் கம்பிமேல் 'டமார்' என்று போடாமல் மெதுவாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ராடு நாளடைவில் வளைந்துவிடும்.

கழற்றும்போதுதான் கவனம் தேவை!

தூக்கி முடித்துவிட்டோம், இனி ஆபத்து இல்லை என்று நினைக்கும் நேரத்தில் ஜிம்களில் அடிக்கடி ஒரு விபத்து நடக்கிறது. ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு எல்லா பிளேட்டுகளையும் வரிசையாகக் கழற்றுவார்கள். ஒரு கட்டத்தில் மறுபக்கத்தின் கனத்தில் ராடு நெம்புகோல்போலக் கவிழும். இந்தப் பக்கத்து முனை மேலே எகிறும். அங்கே யாருடைய முகம் இருக்கிறதோ, அதில்தான் அடிபடும்.

20 கிலோ ராடு என்றால், ஒரு பக்கம் ஒரு 20 கிலோ பிளேட் மட்டும் கூடுதலாக இருந்தால் பொதுவாகத் தாங்கும். அதுவே இரண்டு, மூன்று பிளேட்டுகள் ஆனால் கவிழ்ந்துவிடக்கூடும். ராடு இலேசானது என்றால் இன்னும் சீக்கிரம் கவிழும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். அதேபோல மாற்றி மாற்றிக் கழற்றுங்கள்.

துணைக்கு நிற்பவர் தேவையே இல்லையா?

தேவைதான். சேஃப்டி பாரும் துணையாளும் சேர்ந்து இருப்பதே சிறந்தது. ஆனால், கம்பியைச் சரியாக வைத்த பிறகுதான் ஆள். சர்வதேசப் பவர்லிஃப்டிங் போட்டிகளில் மேடையில் குறைந்தது இரண்டு பேர், அதிகபட்சம் ஐந்து பேர் துணைக்கு நிற்கிறார்கள். ஸ்குவாட்டில் இரு முனைகளிலும் ஆள் இருப்பார்கள். பின்னால் ஒருவர் மட்டும் நின்று கட்டிப்பிடிப்பது பெரிய எடைகளுக்குப் போதாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நண்பரைத் துணைக்கு நிறுத்தினால், தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை முறை தூக்கப்போகிறீர்கள், எப்போது அவர் கை வைக்க வேண்டும், என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மொபைலைப் பார்த்தபடி நிற்கும் நண்பரால் எந்தப் பயனும் இல்லை. தூக்க முடியாதபோது அவர் ராடில் கை வைத்த பிறகும் நீங்கள் தள்ளுவதை நிறுத்தக் கூடாது. மொத்த எடையையும் அவர் தலையில் கட்டினால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள்.

வீட்டில் யார் யார் செய்யலாம்?

'வெயிட் தூக்கினால் பையன் வளர மாட்டான்' என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. சரியான கண்காணிப்போடு, சரியான முறையில் செய்யும் எடைப்பயிற்சி பிள்ளைகளின் உயர வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. வளரும் வயதில் தன்னால் முடிந்த உச்சபட்ச எடையைச் சோதித்துப் பார்ப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பிள்ளையை ஜிம்மில் சேர்க்கும் பெற்றோர், மாதக் கட்டணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: 'சேஃப்டி பார் வைக்கச் சொல்லித்தருவீர்களா?'

பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டாதது அல்ல. வயது வந்த எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 20 கிலோ ராடே கனமாக இருந்தால் அவசரம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பிறகு நெஞ்சோடு ஒரு டம்பெல்லை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது என்று படிப்படியாக வந்து, பிறகு ராடுக்கு வரலாம்.

கனமான எடையை மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், முதுகுத்தண்டு பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ராடைத் தொட வேண்டாம்.

வீட்டுக்கு ரேக் வாங்குகிறீர்களா?

மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ரேக் போடுபவர்கள் இப்போது அதிகம். வாங்கும்போது, எவ்வளவு எடை தாங்கும் என்பதை ரேக்குக்கு மட்டுமல்லாமல் சேஃப்டி பாருக்கும் தனியாகக் கேளுங்கள். நிதானமாக மாட்டிவைத்த எடையைத் தாங்குவது வேறு. மேலிருந்து விழும் எடையைத் தாங்குவது வேறு. உங்கள் ராடு கொக்கிகளைத் தாண்டி இரு பக்கமும் நீள்கிறதா என்று அளந்து பாருங்கள். ஐந்தடி ராடுகள் பல ரேக்குகளின் அகலத்துக்குப் போதாது. மழைச்சாரல் படும் இடமானால், போல்ட்டுகளிலும் கம்பியின் முனைகளிலும் துருப்பிடித்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்து, போல்ட்டுகளை முறுக்கிவிடுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், பயிற்சி முடிந்ததும் பிளேட்டுகளைக் கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள். கொக்கியில் தொங்கும் ராடை ஊஞ்சலாக நினைத்து ஏறும் வயது அது. தனியாகப் பயிற்சி செய்யும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, மொபைலைக் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள்.

மறக்காமல் இருக்க...

* ஸ்குவாட்: கொக்கி நெஞ்சு உயரத்தில்; கம்பி, உங்கள் ஆழத்துக்கு ஒரு துளை கீழே.
* பெஞ்ச்: கம்பி, உயர்த்திய நெஞ்சுக்குக் கீழே, கழுத்துக்கு மேலே.
* இரு பக்கமும் ஒரே எண் துளை.
* ரேக்குக்குள் லாக் கட்டாயம். கட்டைவிரல் ராடைச் சுற்றி.
* பிளேட்டுகளை மாற்றி மாற்றிக் கழற்றவும்.
* எழ முடியாதபோது நெஞ்சை நிமிர்த்திக் கீழே உட்காரவும். வெறும் ராடில் பழகவும்.

நாளைக்கு ஜிம்முக்குப் போனதும், பிளேட்டை எடுக்கும் முன் வெறும் ராடோடு ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, கம்பியின் உயரத்தைப் பாருங்கள். பக்கத்தில் கம்பி வைக்காமல் தூக்கும் தம்பி யாராவது இருந்தால், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.